மேசையில் ஒரே ஒரு டப்பா

அமெரிக்காவில் புல்ஸ்ஐ என்று ஒரு கைத்துப்பாக்கிப் போட்டி உண்டு. ஒற்றைக் கையால்தான் சுட வேண்டும். 50 கஜத்தில் நிதானமாகச் சுட, பத்துக் குண்டுக்குப் பத்து நிமிடம் தருவார்கள். 25 கஜத்தில் ஐந்து குண்டுக்கு 20 வினாடி. அடுத்து அதே ஐந்துக்குப் பத்தே வினாடி. முழுப் போட்டி என்றால் பாயிண்ட் 22, சென்டர்ஃபயர், பாயிண்ட் 45 என மூன்று பிரிவு. பிரிவுக்கு 90 வீதம் 270 தோட்டா செலவாகும். பயிற்சியில் சுடுவது அதைவிடப் பல மடங்கு. பாயிண்ட் 22 மலிவு. மற்ற இரண்டும் மாதச் சம்பளக்காரனின் கையைக் கடிக்கும். வேலை நிமித்தம் ஓஹையோ மாநிலத்துக்குக் குடிவந்து, குடியுரிமையும் பெற்று, ஊர்க்கோடியில் இருந்த துப்பாக்கி கிளப்பில் சேர்ந்த எனக்கு வீட்டிலேயே தோட்டா நிரப்பும் பழக்கம் வந்தது இந்தச் செலவுக் கணக்கால்தான். ஆனால் இத்தனை வருடமாக அதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் வேறு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு தோட்டாவில் நான்கு பொருள்கள். வெளிக்கூடாக இருக்கும் பித்தளைக் கேஸ், அதன் அடியில் பொருத்திய பொட்டு போன்ற பிரைமர், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. விசையை இழுத்ததும் ஊசி பிரைமரைத் தட்டும். பிரைமர் பொறி தட்டி மருந்தைப் பற்ற வைக்கும். மருந்து எரிந்து வரும் வாயு குண்டைக் குழல் வழியே தள்ளும். பிரைமர், மருந்து, குண்டு மூன்றும் ஒரு தடவையோடு சரி. மிஞ்சுவது பித்தளை, தோட்டாவின் விலையில் கணிசமான பங்கும் அதற்குத்தான். அழுத்தம் குறைந்த கைத்துப்பாக்கித் தோட்டா என்றால் அந்தக் கேஸைத் திரும்பத் திரும்ப நிரப்பிச் சுடலாம். பாயிண்ட் 22 மட்டும் இதற்கு ஒத்துவராது. அதில் தனிப் பிரைமர் கிடையாது. தீப்பற்றும் பொருள் கேஸின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது.

கிளப்பில் ஒரு பெரியவர் இருந்தார். தொழிற்சாலைகளில் டை எனும் உலோக அச்சுகளைச் செய்து ஓய்வு பெற்றவர். ரிவால்வரில்தான் சுடுவார். சுட்டதும் சிலிண்டரைத் திறந்து காலிக் கேஸ்களை உள்ளங்கையில் கொட்டி, ஒவ்வொன்றின் வாயையும் அடியையும் பார்த்த பிறகே பையில் போடுவார். எனக்கும் கற்றுக் கொடுங்கள் என்று கேட்டேன். மெஷினைக் காட்டுவார் என்று நினைத்தால் ஒரு தடித்த புத்தகத்தைக் கையில் கொடுத்தார். லைமன் நிறுவனத்தின் கையேடு அது. “முன்பாதியைப் படித்துவிட்டு வா. பின்பாதியில் இருக்கிற அட்டவணையை இப்போது தொடாதே” என்றார்.

அந்தக் கையேடுகளின் அமைப்பே அப்படித்தான். முன்பாதி விளக்கம், பின்பாதி முழுக்க அட்டவணை. எந்தத் தோட்டாவுக்கு, எந்த எடைக் குண்டுக்கு, எந்த மருந்து, எத்தனை கிரெயின் என்று இருக்கும். 7,000 கிரெயின் சேர்ந்தால் ஒரு பவுண்டு. அட்டவணையில் ஆரம்ப அளவு ஒன்று, உச்ச அளவு ஒன்று இருக்கும். ஆரம்ப அளவிலிருந்துதான் தொடங்க வேண்டும். லைமன், ஸ்பியர், ஹார்னடி என்று ஆளுக்கொரு கையேடு போடுகிறார்கள். பெரியவர் குறைந்தது இரண்டை ஒப்பிடாமல் மருந்து டப்பாவைத் திறந்ததில்லை. யாராவது வாய்வழியாக ஓர் அளவைச் சொன்னால் காதில் வாங்கிக்கொள்ளவே மாட்டார். இந்தக் கட்டுரையிலும் மருந்தின் அளவு எதையும் நான் சொல்லாததற்கு அதுவே காரணம். அளவு என்பது அச்சிட்ட கையேட்டிலிருந்து நேராக எடுக்க வேண்டியது.

நான் வாங்கியது ஆர்சிபிஎஸ் நிறுவனத்தின் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ். வார்ப்பிரும்பில் செய்தது, நெம்புகோலை ஒரு முறை இறக்கினால் ஒரே ஒரு வேலை செய்யும். கலிஃபோர்னியாவில் ஓரோவில் என்ற சிற்றூரில் ஃபிரெட் ஹண்டிங்டன் 1943இல் தொடங்கிய நிறுவனம் அது. அதைவிட எளிய வழியும் உண்டு. விஸ்கான்சினில் ரிச்சர்ட் லீ 1958இல் தொடங்கிய நிறுவனத்தின் கைக்கருவியை ஒரு மரச் சுத்தியலால் தட்டித் தட்டியே தோட்டா நிரப்பலாம், மேசைகூட வேண்டாம். இரண்டுக்கும் பொதுவானது நிதானம். நெம்புகோலின் ஒவ்வோர் இழுப்புக்கும் தோட்டா ஒன்று விழும் வேக மெஷின்களும் கடையில் இருந்தன. பெரியவர் அவற்றை எனக்குப் பரிந்துரைக்கவில்லை. ஒரே இழுப்பில் நாலைந்து வேலை நடந்தால், அதில் எது தவறியது என்று புதியவனின் கைக்குத் தெரியாது என்பது அவர் எண்ணம். அதுவே சரி என்று நானும் இன்றுவரை நம்புகிறேன்.

தோட்டாவுக்குத் தேர்ந்தெடுத்தது பாயிண்ட் 38 ஸ்பெஷல். 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்தது. கேஸ் நேர்க்குழாயாக, கைக்கு அடக்கமாக இருக்கும். தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பான சாமி அதற்கு வைத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு அதுவே 35,000. பழகுகிறவனுக்குக் குறைந்த அழுத்தம் நல்லது.

முதல் வேலை கேஸைச் சுத்தம் செய்வது. நொறுக்கிய சோளத்தக்கையோடு சேர்த்து ஒரு தொட்டியில் போட்டு அதிர விட்டால் சில மணி நேரத்தில் பித்தளை பளபளக்கும். அடுத்தது பொறுக்குவது. நாலைந்து கேஸை உள்ளங்கையில் போட்டுக் குலுக்கச் சொன்னார் பெரியவர். கணீரென்று ஒலித்தால் எல்லாம் முழுசு. நடுவில் ஒன்று சப்பென்று ஒலித்தால் எங்கோ விரிசல். சந்தையில் பானை வாங்குகிறவர்கள் தட்டிப் பார்க்கிற அதே சோதனை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வாயோரத்தில் தலைமுடி அளவுக் கீறல் தெரியும். பித்தளையை மடக்கி நிமிர்த்த நிமிர்த்த அது இறுகிக்கொண்டே போய், ஒரு நாள் வாய் பிளக்கும். அப்படிப்பட்ட கேஸைக் குறட்டால் நசுக்கிவிட்டுத்தான் குப்பையில் போட வேண்டும். இல்லாவிட்டால் அது நல்ல கேஸ்களோடு திரும்பி வந்து சேர்ந்துவிடும்.

பிறகு டை. சுடும்போது கேஸ் உப்பிவிடும். கார்பைடு வளையம் வைத்த டைக்குள் அதை ஏற்றினால் பழைய அளவுக்கு ஒடுங்கும். டையின் நடுவே இருக்கும் ஊசி, செத்த பிரைமரை அடியிலிருந்து தள்ளிவிடும். எல்லாக் கேஸுக்கும் இது நடக்காது. பிரைமரில் இரண்டு வகை இருக்கிறது. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி எட்வர்ட் பாக்ஸர் வகுத்த முறையில் கேஸின் அடியில் நடுவில் ஒரே ஒரு துளை. ஊசி நேராக அதில் இறங்கும். அமெரிக்கரான ஹைரம் பெர்டன் வகுத்த முறையில் ஓரங்களில் இரண்டு சிறு துளைகள். ஊசி நடுவில் முட்டி உடையும். பிரிட்டிஷ்காரரின் முறை அமெரிக்காவில் வேரூன்றியது. அமெரிக்கரின் முறை ஐரோப்பாவில் பரவியது. அமெரிக்க வீடுகளில் இந்தக் கைத்தொழில் இவ்வளவு செழித்ததற்கு அந்த ஒற்றைத் துளைக்கும் பங்கு உண்டு.

அடுத்த டை கேஸின் வாயை இம்மியளவு விரிக்கும். குண்டின் அடிப்பகுதி உட்கார இடம் கிடைத்தால் போதும்; அதற்கு மேல் விரித்தால் பித்தளை சீக்கிரம் கிழியும். பிறகு புதுப் பிரைமரைப் பொருத்த வேண்டும். பிரைமர் குழியின் அடியில் போய் முட்டுவதை நெம்புகோல் வழியே கை உணரும். பொருத்தியதும் விரல் நுனியால் கேஸின் அடியைத் தடவிப் பார்க்க வேண்டும். பிரைமர் மட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழே இருக்க வேண்டும். துருத்திக்கொண்டு நின்றால் ரிவால்வரின் சிலிண்டர் சுழலாமல் இடிக்கும். தோட்டாவில் இருக்கும் நான்கு பொருள்களில் அடிபட்டால் வெடிப்பது பிரைமர்தான். அதனால் அது கம்பெனி அட்டைப் பெட்டியிலேயே, ஒன்றையொன்று தொடாமல் இருக்க வேண்டும். கண்ணாடி ஜாடியில் கொட்டி வைக்கவே கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் நான் பிரைமரைத் தொடுவதில்லை.

இனி மருந்து. இங்கே என் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பிறந்தது நீலகிரியில், அருவங்காட்டில். 1903இல் பிரிட்டிஷ் அரசு அங்கே கார்டைட் ஃபாக்டரியைத் தொடங்கியது. கார்டைட் என்பதும், நான் நிரப்புவதைப் போல, புகையில்லா மருந்துதான். பிரான்சில் பால் வியெய் 1884இல் ஒன்று கண்டுபிடித்தார். நோபல் 1887இல் இன்னொன்று செய்தார். பிரிட்டனில் ஏபலும் டூவரும் 1889இல் நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் வாசலினோடு பிசைந்து கயிறாக இழுத்தது கார்டைட். அப்பா அந்த ஃபாக்டரியில் வேலை பார்த்தார். சட்டைப் பையில் தீப்பெட்டி இருந்தால் வாசலைத் தாண்ட முடியாது. ஆபத்தான கட்டடங்களுக்குள் ஆணி அடித்த செருப்பு கூடாது. அங்கே ஒவ்வொரு கட்டடத்தின் கதவிலும் ஒரு பலகை தொங்கும் என்று அப்பா சொல்வார். உள்ளே ஒரே நேரத்தில் இத்தனை பேர், இத்தனை கிலோ மருந்து, அதற்கு மேல் இல்லை என்று அதில் எழுதியிருக்கும். அந்த எண்ணைத் தாண்டி எந்த அதிகாரியும் உள்ளே நுழைய முடியாது. “கெட்டிக்காரத்தனம் நம்மைக் காப்பாத்தாதுடா, அந்தப் பலகைதான் காப்பாத்தும்” என்பார்.

ஓஹையோவில் பெரியவரின் நிலவறையில் நின்றபோது அதே விதியை வேறு வடிவத்தில் கண்டேன். அவரது அலமாரியில் பல மருந்து டப்பாக்கள் இருந்தன. மேசையில் மட்டும் ஒரே ஒரு டப்பாதான் இருக்கும். அதன் வேலை முடிந்து, அளவியில் மிஞ்சியதை அதே டப்பாவில் கொட்டி, மூடி, அலமாரியில் வைத்த பிறகே அடுத்தது இறங்கும். மருந்துகள் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். எரியும் வேகம் வெவ்வேறு. துப்பாக்கிக் குழல் தாங்கும் மருந்துக்குப் பதில் அதைவிட வேகமாக எரியும் இன்னொன்றை அதே எடைக்குப் போட்டால் துப்பாக்கி உடையும், கை போகும். மேசையில் ஒரே டப்பா இருந்தால் அந்தத் தவறு நடக்க வழி மிகக் குறைவு. அப்பாவும் இந்தப் பெரியவரும் சந்தித்ததில்லை. ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. இருவரும் கண்டுகொண்டது ஒன்றே. மனிதன் எப்போதும் கவனமாக இருப்பான் என்று நம்பி வேலையை அமைக்கக் கூடாது. கவனம் தப்பும் நேரத்திலும் விபரீதம் நேராதபடி, கண்முன் இருப்பதைக் குறைத்து வைக்க வேண்டும்.

பாயிண்ட் 38இல் இந்தப் பாடத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அது முதலில் கருமருந்துக்காகச் செய்த கேஸ். கருமருந்து இடத்தை அடைக்கும். அதனால் உள்ளே இடம் தாராளம். இப்போதைய மருந்து அதில் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். போட்டிக்கான தோட்டாவில் கால் கிராம்கூட இருக்காது. தவறி இரண்டு தரம் போட்டாலும் வழிந்து காட்டிக்கொடுக்காது. அதனால் 50 குழி கொண்ட மரப்பலகையில் கேஸ்களை நிறுத்தி, ஒவ்வொன்றாக எடுத்து மருந்து போட்டு, போட்டதை வேறு வரிசையில் வைக்க வேண்டும். தராசை முதலில் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, எடை தெரிந்த படிக்கல்லை வைத்துச் சரிபார்க்க வேண்டும். அறையில் மின்விசிறியோ ஏசியோ ஓடக் கூடாது. அந்தக் காற்றுக்கே தராசுக்கோல் ஆடும்.

50 கேஸிலும் மருந்து போட்டானதும், குண்டு வைக்கும் முன், டார்ச் விளக்கைச் சாய்வாகப் பிடித்து ஒவ்வொரு கேஸுக்குள்ளும் பார்க்க வேண்டும். இந்தத் தொழில் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் இதுதான். சாம்பல் நிறத்தில் மருந்தின் மட்டம் வரிசை வரிசையாக ஒரே உயரத்தில் தெரியும். ஒன்று மேலே நின்றால் இரட்டை. ஒன்றில் பித்தளையின் அடி மின்னினால் காலி. இரண்டுமே ஆபத்து. மருந்தில்லாத தோட்டாவைச் சுட்டால் பிரைமரின் பலத்தில் குண்டு கொஞ்ச தூரம் போய்க் குழலிலேயே சிக்கி நிற்கும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். சுடும் இடத்தில் வழக்கமான சத்தத்துக்குப் பதில் ‘டப்’ என்று சன்னமாகக் கேட்டால், அந்தக் கணமே நிறுத்தி, தோட்டாக்களை இறக்கி, குழலில் கம்பியை விட்டுப் பார்க்க வேண்டும். கிளப்பில் பக்கத்தில் சுடுகிறவரிடம் அப்படிக் கேட்டாலும் குரல் கொடுத்து நிறுத்துவது எங்கள் கடமை.

கடைசி வேலை குண்டைச் செருகுவது. போட்டிக்காரர்கள் விரும்புவது வாட்கட்டர் என்ற தட்டைத் தலைக் குண்டு. எடை 148 கிரெயின். கேஸின் வாயோடு சமமாக அமுங்கி உட்காரும். நுனி கூராக இல்லாததால் இலக்குத் தாளைக் கிழிக்காமல், பஞ்ச் போட்டதுபோல வட்டமாக வெட்டிப் போகும். கோட்டைத் தொட்டதா இல்லையா என்று சண்டை வராது. குண்டு உட்கார்ந்ததும், முன்பு விரித்த வாயை மெல்ல மடித்து இறுக்கினால் தோட்டா தயார்.

என் முதல் தோட்டாக்களைச் சுட்ட நாளில் பெரியவர் பின்னால் நின்றார். ரிவால்வரில் ஒன்றே ஒன்றைப் போடச் சொன்னார். சுட்டேன். கடைத் தோட்டாவைவிட உதைப்பு குறைவு, சத்தமும் மிருது. கேஸை எடுத்து அடியைப் பார்த்தோம். பிரைமரில் ஊசி குத்திய பள்ளம் சீராக இருந்தது, ஓரங்கள் நசுங்கவில்லை. குழலின் வழியே வெளிச்சம் பார்த்தோம். அதற்குப் பிறகுதான் ஐந்து தோட்டா. 25 கஜத்துக்கு அப்பால் கருவட்டத்தில் ஐந்து சுத்தமான ஓட்டைகள் விழுந்தன. என் கையால் எடை போட்டு, என் கண்ணால் பார்த்து அனுப்பியவை அவை. அன்று எனக்கு வந்த நிறைவு, கடையில் வாங்கிய எந்தத் தோட்டாவும் தராதது.

பின்னாளில் 9 மில்லிமீட்டருக்கும் பாயிண்ட் 45க்கும் நிரப்பப் பழகினேன். அங்கே கற்றது ஆழத்தின் அருமை. 9 மில்லிமீட்டர் கேஸ் சிறியது. உள்ளே மருந்துக்கும் குண்டுக்கும் இடையில் இருக்கும் வெற்றிடமும் சிறியது. குண்டை இன்னும் கொஞ்சம் ஆழமாக அமுக்கினால் அந்த இடம் சுருங்கும். இடம் சுருங்கினால் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் மருந்து இன்னும் வேகமாக எரியும். அது அழுத்தத்தை மேலும் ஏற்றும். திறந்த தட்டில் சீறி எரிந்து அடங்கும் அதே மருந்து, அடைத்த இடத்தில் இன்னொரு பிராணி. மருந்தின் எடை சரியாக இருந்தும் தோட்டா அபாயமாகலாம் என்பதைப் புதியவர்கள் பலரும் நம்புவதில்லை. அதனால்தான் கையேடுகள் தோட்டாவின் மொத்த நீளத்தையும் மருந்தின் எடைக்குப் பக்கத்திலேயே அச்சிடுகின்றன. காலிப்பர் இல்லாத மேசை, தராசு இல்லாத மேசைக்குச் சமம்.

உடம்புக்கான எச்சரிக்கையும் ஒன்று உண்டு. பிரைமரின் எரிபொருளில் ஈயம் இருக்கிறது; சுட்ட கேஸின் உட்புறத்திலும், அதைச் சுத்தம் செய்யும் சோளத்தக்கையின் தூசியிலும் அது ஒட்டியிருக்கும். மேசையில் காப்பி, நொறுக்குத் தீனி எதுவும் கூடாது. வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்த அறைக்குப் பூட்டு வேண்டும். நான் மருத்துவரிடம் சொல்லி இரத்தத்தில் ஈயத்தின் அளவை அவ்வப்போது பார்த்துக்கொள்கிறேன்.

சட்டம் தேசத்துக்குத் தேசம் வேறு. அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப உரிமம் தேவையில்லை. வியாபாரமாக விற்க வேண்டுமென்றால் வேண்டும். சில மாநிலங்களின் சட்டம் இன்னும் கடுமை. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஊரிலிருக்கும் உறவுக்காரப் பையன்கள் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

கொரோனாக் காலத்தில் பிரைமர் கடைகளில் கண்ணிலேயே படவில்லை. கிடைத்த இடத்தில் விலை எகிறியது. செலவு மிச்சம் என்று தொடங்கியவர்களில் பலர் அப்போது மேசையை மூடிவிட்டார்கள். நான் மூடவில்லை. இருந்ததை வைத்துக் குறைவாகச் சுட்டேன். நிரப்புவதில் மட்டும் அதே நிதானம். ஈரி ஏரியின் கரையில் 1907 முதல் தேசியப் போட்டிகள் நடக்கும் கேம்ப் பெர்ரியில், கோடை வெயிலில் வரிசையில் நின்று என் தோட்டாவைச் சுட்டபோது ஒன்று புரிந்தது. பத்து வினாடிக்குள் ஐந்து குண்டு சுடுகிறவனுக்குத் துப்பாக்கியைப் பற்றி யோசிக்க நேரமில்லை. தோட்டா மேல் அவனுக்கு இருக்கும் நம்பிக்கை முழுவதும் வாரங்களுக்கு முன், விளக்கடியில், ஒவ்வொரு கேஸையும் பார்த்த பார்வையிலிருந்து வருகிறது.

இப்போது கிளப்பில் புதிதாகச் சேருகிறவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். நானும் கையேட்டைத்தான் முதலில் கொடுக்கிறேன். சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் வாங்குங்கள், பாயிண்ட் 38இல் தொடங்குங்கள், மேசையில் ஒரே டப்பா வையுங்கள், டார்ச் இல்லாமல் குண்டு செருகாதீர்கள் என்று சொல்கிறேன். இவற்றோடு நானாகச் சேர்த்துக்கொண்ட விதி ஒன்று உண்டு. வீட்டில் வாக்குவாதம் நடந்த அன்றோ, தூக்கம் கெட்ட அன்றோ, ஃபோன் ஓயாமல் அடிக்கும் மாலையிலோ மேசைப் பக்கம் போகாதீர்கள். நடுவில் யாராவது கூப்பிட்டு எழுந்து போக நேர்ந்தால், திரும்பி வந்ததும் அந்தப் பலகையில் இருக்கும் மருந்து முழுவதையும் டப்பாவில் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். அதனால் வீணாவது அரைமணி நேரம்தான்.